கீழக்கரைக்கு வந்த பிளக்-இன் ஹைபிரிட்: வாங்கும் முன் பார்த்திருக்க வேண்டியவை

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டி விலைக்கு மேல், வரியைச் சேர்க்காமல், 4,27,000 ரூபாய் போனது. ஐந்து மாதமும் போனது. அந்த ஐந்து மாதத்தில் வண்டி ஓடிய நாட்களைவிட ஷெட்டில் நின்ற நாட்கள்தான் அதிகம். 2019 மாடல், ஏழு பேர் உட்காரும் ஐரோப்பிய எஸ்யூவி, கர்நாடகப் பதிவு, 46,000 கிலோமீட்டர். பெட்ரோல் எஞ்சினும் உண்டு, வீட்டில் சார்ஜ் போட்டு ஓட்டும் பேட்டரியும் உண்டு. கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் போய்வர 35 கிலோமீட்டர், அது கரண்டிலேயே முடிந்துவிடும். மதுரை ஏர்போர்ட்டுக்கு ஆள் அழைக்கப் போகும்போது பெட்ரோல் இருக்கும், வழியில் சார்ஜ் தேட வேண்டாம். இதுதான் போட்ட கணக்கு. துபாயில் இருக்கும் மச்சானும் "யோசிக்காம வாங்கிருங்க"ன்னுட்டார். அவர் பார்க்கிங்கில் சுவரிலேயே சார்ஜர் இருக்கிறது, கம்பெனி சர்வீஸ் பத்து நிமிடத் தூரம். நம் கடற்கரையில் இந்த வண்டி வைத்திருப்பவர் யாரென்று கேட்டுப் பார்த்தேன், ஒருவர்கூட அகப்படவில்லை. அதுவே ஒரு எச்சரிக்கை என்று அப்போது உறைக்கவில்லை.

ஆரம்பத்திலேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பழைய வண்டி விளம்பரங்களில் எல்லாவற்றுக்கும் "ஹைபிரிட்" என்றே போடுகிறார்கள். மைல்ட் ஹைபிரிட் என்பது எஞ்சினுக்குச் சின்ன மோட்டார் கைகொடுப்பது மட்டும், கரண்டில் தனியாக ஓடாது. இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா போன்றவற்றின் சில வகைகளில் வருவது ஸ்ட்ராங் ஹைபிரிட். கொஞ்சத் தூரம் கரண்டில் ஓடும், ஆனால் தன்னைத்தானே சார்ஜ் செய்துகொள்ளும், பிளக் கிடையாது. பிளக்-இன் என்றால் பெட்ரோல் மூடி போக இன்னொரு மூடி கட்டாயம் இருக்கும், அதைத் திறந்தால் ஏழு துளை உள்ள டைப் 2 சாக்கெட் தெரியும். மூடி இல்லையென்றால் பேச்சே வேண்டாம். அந்தச் சாக்கெட்டின் கீழே இரண்டு பெரிய துளைகள் கூடுதலாக இருந்தால்தான் வெளியில் இருக்கும் டிசி வேக சார்ஜரில் போட முடியும். பெரும்பாலான பிளக்-இன் வண்டிகளில் அது இருக்காது. மதுரை ரோட்டில் புதிதாக முளைத்திருக்கும் வேக சார்ஜர்களைக் காட்டி "வழியெல்லாம் சார்ஜ் போட்டுக்கலாம்" என்று விற்பவர் சொன்னால், அந்தப் பிளக் இந்த வண்டியில் நுழையவே நுழையாது என்று நீங்கள் சொல்லலாம். மெதுவான ஏசி (வீட்டுக் கரண்ட் வகை) சார்ஜர் கிடைத்தாலும் மூன்று மணி நேரம் நின்றால் 25 கிலோமீட்டர் ஓட்டம்தான். பரமக்குடியில் டீக்கடையில் மூன்று மணி நேரம் யார் உட்காருவது? ஆக, இது வீட்டில் மட்டும் சார்ஜ் ஆகும் வண்டி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் சார்ஜ் ஆகாவிட்டால், 250 கிலோ இரும்பைக் கூடுதலாகச் சுமக்கும் பெட்ரோல் வண்டிதான் கையில் இருக்கும்.

நான் இடறியது அங்கேதான். வண்டி வந்த முதல் ராத்திரி டிக்கியில் இருந்த கேபிள் பையைத் திறந்தால், இரு முனையிலும் ஒரே மாதிரி வட்டப் பிளக். அது சுவரில் மாட்டும் சார்ஜ் பெட்டியிலிருந்து வண்டிக்குப் போடும் கேபிள். வீட்டுச் சாக்கெட்டில் போடுவதற்கு நடுவில் கட்டுப்பாட்டுப் பெட்டியும் முனையில் மூன்று பின்னும் உள்ள இன்னொன்று வேண்டும். அது தொலைந்து எத்தனை காலமோ, முதல் ஓனர் சார்ஜ் போடாமலேதான் ஓட்டியிருக்கிறார். பதற்றத்தில் கம்பெனி கேபிளையே ஆர்டர் செய்தேன், 62,000 ரூபாய், வந்துசேர 18 நாள். டைப் 2 முனை எல்லாக் கம்பெனிக்கும் பொது, சான்று பெற்ற வெளிக் கம்பெனியின் 3.3 கிலோவாட் சார்ஜர் அதில் பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைத்திருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. வண்டி பார்க்கப் போகும்போது இரண்டு கேபிளையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக் கேபிளைச் செருகி, மீட்டரில் சார்ஜ் ஏறுவதை அரை மணி நேரமாவது நின்று பாருங்கள். சார்ஜ் ஏறும்போது வண்டியின் சாக்கெட் பூட்டிக்கொள்ளும், நிறுத்தியதும் விடும். அந்தப் பூட்டு சிக்கிக்கொள்வது இவ்வகை வண்டிகளில் சாதாரணமாக வரும் கோளாறு. நாலைந்து தடவை செருகி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பின்களில் பச்சை படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்தும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிள் வந்தபின் செருகினால் சிவப்பு விளக்கு. சார்ஜர் கெட்டுப்போனதாக நினைத்து ஒரு வாரம் கடைக்காரரோடு சண்டை. கோளாறு எங்கள் வீட்டு எர்த்தில். மிக்சிக்கும் ஃபேனுக்கும் எர்த் இருக்கிறதா இல்லையா என்று கவலையில்லை. கார் சார்ஜர் அப்படியல்ல, எர்த் சரியில்லாவிட்டால் கரண்டையே வாங்காது. கடலோரத்தில் எர்த் ஏன் போகிறது என்றால், மண்ணில் உப்பு ஈரம் இருப்பதால் புதிதாகப் போட்ட எர்த் அளவு அருமையாகக் காட்டும். அதே உப்பு ஜிஐ பைப்பைச் சில வருடத்தில் தின்றுவிடும். கரியும் உப்பும் கொட்டிப் பழைய முறையில் போட்ட குழி என்றால் இன்னும் சீக்கிரம். மேட்டு மணலில் இருக்கும் வீடு என்றால் கோடையில் மண் காய்ந்து வேறு வகையில் போகும். செம்பு பூசிய 3 மீட்டர் ராடு, சுற்றிலும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பென்டோனைட் களிமண் கலவை, ராடுக்கும் கம்பிக்கும் இணைப்பு பூமிக்கு மேலே மூடியுள்ள தொட்டியில் கண்ணில் படும்படி, இப்படிப் போடச் சொல்லுங்கள். சோதனை எளிது. எலெக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் கொடுத்து, நீங்கள் சார்ஜ் போடப்போகும் சாக்கெட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், மூன்றாவது இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். அதோடு விடாமல், அதே லைனில் கீசரைப் போட்டுவிட்டு மறுபடி அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது நல்ல பிள்ளையாக இருக்கும் வயரிங் லோடு ஏறியதும்தான் குணத்தைக் காட்டும். எங்கள் வீட்டில் நியூட்ரல்-எர்த் 2 வோல்ட்டிலிருந்து 19க்குப் போனது.

சாக்கெட்டும் சாதாரண 16 ஆம்பியர் சுவிட்ச்போர்டு சாக்கெட் ஆகாது. கீசர் பத்து நிமிடம் ஓடும். கார் மூன்று, நான்கு மணி நேரம் நிற்காமல் 14, 15 ஆம்பியர் இழுக்கும், உள்ளே பித்தளை தளர்ந்து பிளாஸ்டிக் உருகும். நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட், மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், லோடு மிஞ்சினால் விழும் 20 ஆம்பியர் எம்சிபி, கரண்ட் கசிந்தால் அறுத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. ஆர்சிசிபி வாங்கும்போது "டைப் ஏ" என்று கேட்டு வாங்குங்கள். வீடுகளில் பொதுவாக இருக்கும் "ஏசி" டைப், கார் சார்ஜரில் வரக்கூடிய டிசி கசிவைப் பிடிக்காது. போட்டு முடித்து ஒரு மணி நேரம் சார்ஜ் ஓடியதும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அன்றே நிறுத்துங்கள். ஆட்கள் ஏசி போடும் மாலை ஏழு மணிக்கு மேல் லோ வோல்டேஜ் எங்கள் தெருவில் வாடிக்கை, 190க்குக் கீழே போனால் சார்ஜர் நின்று நின்று ஓடும். வண்டி மெனுவில் ஆம்பியரை 10க்குக் குறைத்து, ராத்திரி 11 மணிக்கு மேல் தொடங்கும்படி வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. வீட்டு இன்வெர்ட்டரில் போட்டுப் பார்க்க நினைக்காதீர்கள், பெரும்பாலும் எர்த் இல்லை என்று மறுத்துவிடும். ஈபியில் உங்கள் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பழைய பில்லில் பாருங்கள். 4 கிலோவாட்டைத் தாண்டினால் த்ரீ ஃபேஸ் கேட்பார்கள், இரண்டு ஏசி உள்ள வீட்டில் கார் சேர்ந்தால் தாண்டிவிடும். எர்த், வயர், போர்டு எல்லாம் சேர்த்து எனக்கு 41,000. இதில் வீண் ஒன்றுமில்லை, வண்டி வருமுன்னே செய்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும், அவ்வளவுதான்.

இனி வண்டி. பிளக்-இன் ஹைபிரிட்டை ஒரு வண்டியாகப் பார்க்காதீர்கள். கரண்ட் வண்டி ஒன்று, பெட்ரோல் வண்டி ஒன்று, இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். விற்பவர் காட்டும் டெஸ்ட் டிரைவில் இரண்டும் கலந்து ஓடும், ஒன்றின் குறையை மற்றது மூடிவிடும். பாதி சார்ஜில் பத்து கிலோமீட்டர் ஓட்டினால் எந்த வண்டியும் தேர் மாதிரிதான் போகும்.

பேட்டரிக்கான சோதனைக்கு ஒரு ராத்திரி வேண்டும், அதைக் கொடுக்காத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். சாக்கெட்டில் மாட்டும் 16 ஆம்பியர் எனர்ஜி மீட்டர் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்குக் கிடைக்கும். பேட்டரி முழுக்க இறங்கும்வரை, அதாவது டேஷ்போர்டில் கரண்ட் ஓட்டம் பூஜ்யம் காட்டும்வரை ஓட்டுங்கள். பிறகு அந்த எனர்ஜி மீட்டர் வழியாக முழுச் சார்ஜ் ஏற்றுங்கள். என்னுடையதில் காகிதப்படி பேட்டரி சுமார் 12 யூனிட். பிளக்-இன் வண்டிகள் பேட்டரி ஆயுளுக்காக மேலும் கீழும் கொஞ்சம் ஒதுக்கி வைக்கும், புதிதில் கையில் வருவது 9.2 யூனிட். சுவரிலிருந்து இழுப்பதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் சூடாகப் போய்விடும். அப்படியானால் புது பேட்டரி 10.4 யூனிட் வாங்க வேண்டும். நான் வாங்கியபின் அளந்தபோது என்னுடையது 8.3 யூனிட்டில் நிரம்பிவிட்டது. உள்ளே போனது 7.3, அதாவது புதிதில் இருந்ததில் 79 சதவீதம். வாங்குமுன் அளந்திருந்தால் இரண்டு லட்சமாவது குறைத்துப் பேசியிருப்பேன். கூடவே மெக்கானிக் கோளாறு பார்க்கும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் புளூடூத் கருவியும், அந்த வண்டிக்கான ஆப்பும் இருந்தால் செல்களின் வோல்டேஜைத் தனித்தனியாகப் பார்க்கலாம். நிறுத்தி ஒரு மணி நேரம் ஆனபின் மிக உயர்ந்த செல்லுக்கும் மிகத் தாழ்ந்த செல்லுக்கும் வித்தியாசம் 20, 30 மில்லிவோல்ட் என்றால் நிம்மதி. 100ஐத் தாண்டினால் ஏதோ ஒரு செல் சாகத் தொடங்கியிருக்கிறது. டேஷ்போர்டு காட்டும் "மீதி இத்தனை கிலோமீட்டர்" என்பதை நம்பாதீர்கள், அது கடைசியாக ஓட்டியவரின் கால் எப்படிப்பட்டது என்பதைத்தான் சொல்லும்.

ஓட்டம் பார்க்கும்போது ஏசியை நீங்கள் வழக்கமாக வைக்கும் குளிரில் போட்டு, வீட்டு ஆட்களில் நாலைந்து பேரை ஏற்றி, மத்தியான வெயிலில் ஓட்டுங்கள். சித்திரை வைகாசியில் ஏசி மட்டுமே ஒன்றரை, இரண்டு கிலோவாட் இழுக்கும். எனக்குக் காகிதத்தில் 40க்கு மேல், கையில் 25 கிலோமீட்டர். ராமநாதபுரம் போய்த் திரும்பும் வழியிலேயே எஞ்சின் விழித்துக்கொள்ளும். அந்த ஆதாரக் கணக்கே அதோடு போச்சு. உங்கள் அன்றாட ஓட்டத்தைக் குறித்துக்கொண்டு, கம்பெனி சொல்லும் தூரத்தில் பாதியோடு ஒப்பிடுங்கள். பாதியிலும் அடங்கினால் மேலே பேசலாம்.

பிறகு பேட்டரி காலியான வண்டி. இதைத்தான் யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை. பேட்டரி இறங்கியபின் குறைந்தது 50 கிலோமீட்டர், அதில் பாம்பன் பாலம் மாதிரி ஒரு ஏற்றமும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸை முந்தும் ஒரு தருணமும் இருக்கட்டும். சில வண்டிகளில் முன் சக்கரத்துக்கு எஞ்சின், பின் சக்கரத்துக்கு மோட்டார். சார்ஜ் காலியானால் பின்னாலிருந்து வரும் தள்ளு குறையும், முந்தும்போது அந்த வித்தியாசம் காலில் தெரியும். எஞ்சின் குளிர்ந்த நிலையில் முதன்முறை கிளம்பும் சத்தத்தைக் கேட்டே ஆக வேண்டும். நீங்கள் போகும்போது பானெட் சூடாக இருந்தால் வேண்டுமென்றே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். பிளக்-இன் எஞ்சினுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு: கரண்டில் 80 வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் குளிர்ந்த எஞ்சின் நேராக முழு லோடில் கிளம்பும். அதனால் ஆயில் மாற்றிய தேதிகளைப் பாருங்கள், கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள். வருடம் ஒருமுறை மாற்றாமல் "எஞ்சின் ஓடவே இல்லையே" என்று விட்டிருந்தால் அது குறைதான். ஓடாத எஞ்சினில்தான் பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து நிற்கும்.

டிக்கியைத் திறந்து பாருங்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஏர்போர்ட்டில் இருந்து வரும் ஆள் 30 கிலோ பெட்டி இரண்டு, கைப்பெட்டி ஒன்று, அட்டைப்பெட்டி ஒன்றோடு வருவார். மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் அதில் ஒன்றுகூட நிற்காது. பேட்டரிக்கு இடம் கொடுத்த பல வண்டிகளில் தரை மேடாக இருக்கும், ஸ்டெப்னி இருக்காது, பதிலாக ஒரு குப்பி பசையும் காற்றடிக்கும் மோட்டாரும். நம் பக்கம் சீமைக் கருவேல முள் டயர் பக்கவாட்டில் ஏறினால் அந்தப் பசை ஒட்டாது. வாலிநோக்கம் ரோட்டில் அப்படி ஒரு டயர் போனது, அந்த அளவு மதுரையில்கூடக் கையிருப்பில் இல்லை, 26,000 கொடுத்து வரவழைக்க நாலு நாள். ஸ்டெப்னி இல்லையென்றால், டயர் அளவைக் குறித்துக்கொண்டுபோய் மதுரைக் கடைகளில் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

இனி பெரிய அடி. இரண்டாம் மாதம் ஏசி குளிர்ச்சி குறைந்தது. ஊரில் நம்பிக்கையான ஏசி மெக்கானிக்கிடம் விட்டேன், கேஸ் ஏற்றி ஆயிலும் விட்டுக் கொடுத்தார். பத்தாம் நாள் ஸ்கிரீனில் உயர் மின்னழுத்தக் கோளாறு என்று எச்சரிக்கை, வண்டி கிளம்பவில்லை. காரணத்தைச் சென்னையில் சொன்னபோதுதான் புரிந்தது. சாதாரணக் காரில் ஏசி கம்ப்ரஸர் பெல்ட்டில் சுற்றும், அதற்குப் பெரும்பாலும் பிஏஜி ஆயில். இந்த வண்டியில் கம்ப்ரஸருக்குள்ளேயே முந்நூறு, நானூறு வோல்ட்டில் சுற்றும் மோட்டார், கேஸும் ஆயிலும் அந்த மோட்டார் சுருளை நனைத்துக்கொண்டே போகும். அதனால் கரண்டைக் கடத்தாத பிஓஇ வகை ஆயில்தான் விட வேண்டும். பிஏஜி ஈரத்தை உறிஞ்சும், கரண்டைக் கசிய விடும். பாடிக்குக் கசிவு வருவதை வண்டி கண்டதும் ஆள் பத்திரத்துக்காக மொத்த உயர் மின்னழுத்தத்தையும் அறுத்துவிடும். ஆயிலைத் தனியாக வடித்தெடுத்தால் போதாது, பைப், கன்டென்சர் எல்லாவற்றிலும் கலந்திருக்கும். கம்ப்ரஸர் மாற்றிக் கழுவிப் போட 2,60,000. மெக்கானிக் மேல் எனக்குக் கோபமில்லை, அவரிடம் அந்த லேபிளைக் காட்டாதது நான். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் எந்த கேஸ், எந்த ஆயில் என்று எழுதியிருக்கும். கோபம் விற்றவர் மேல்தான். குளிர்ச்சி குறைந்ததற்கு மூலகாரணம் கன்டென்சரின் கீழ் மூலையில் எபாக்சி பூசி மறைத்திருந்த ஓட்டை. பம்பரின் கீழ் ஜாலி வழியே டார்ச் அடித்திருந்தால் தெரிந்திருக்கும். பல பிளக்-இன் வண்டிகளில் பேட்டரியைக் குளிர வைப்பதும் இதே ஏசி கேஸ்தான். ஏசி போனால் வேர்ப்பதோடு முடியாது, பேட்டரி சூடாகி கரண்ட் ஓட்டமும் சார்ஜும் குறைந்துவிடும். ஆகவே வாங்குமுன் வெயிலில் நிறுத்தி, எஞ்சின் போடாமல் இருபது நிமிடம் ஏசி ஓட்டி, காற்றுவாயில் சமையல் தெர்மாமீட்டரை வையுங்கள். பத்து டிகிரிக்குப் பக்கம் வந்தாக வேண்டும்.

அந்த வண்டியைச் சென்னைக்குக் கொண்டுபோனதும் ஒரு பாடம். சக்கரம் தரையில் உருளும்படி கயிறு கட்டியோ, முன்பக்கம் மட்டும் தூக்கியோ இழுக்கக் கூடாது. அச்சில் மோட்டார் இருப்பதால் உருளும்போது கரண்ட் உற்பத்தியாகும், உள்ளே மோட்டாரை இயக்கும் இன்வெர்ட்டர் கெட்டுப்போகும். நாலு சக்கரமும் ஏறும் ஃபிளாட்பெட்தான் வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், 38,000 ரூபாய். மதுரையில் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். ஷோரூம் பலகை இருப்பது வேறு, உயர் மின்னழுத்தத்தில் கை வைக்கப் பயிற்சி பெற்ற ஆளும் கருவியும் இருப்பது வேறு. வாங்குமுன் போன் போட்டு, "இந்த மாடலில் பேட்டரியை இறக்கி வேலை செய்வீர்களா, ஏசி கம்ப்ரஸர் மாற்றுவீர்களா" என்று இந்த இரண்டு கேள்வியை மட்டும் கேளுங்கள். "பார்த்துச் சொல்றோம் சார்" என்றால் இல்லை என்று அர்த்தம். இன்சூரன்ஸில் சாலையோர உதவி எத்தனை கிலோமீட்டர்வரை இலவசம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், என்னுடையது ஐம்பதோடு நின்றது.

உப்பைப் பற்றி நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இந்த வண்டியில் அது வேறு இடங்களில் கடிக்கும். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பேட் டிஸ்கைத் தொடுவது குறைவு, கடற்காற்றில் டிஸ்க் துருப்பிடித்து ஓரத்தில் மேடு கட்டும். வாரம் ஒருமுறையாவது காலியான ரோட்டில் நாலைந்து தடவை அழுத்தமாகப் பிரேக் பிடித்துத் துடைத்துவிட வேண்டும். பழைய வண்டி பார்க்கும்போது சக்கர இடுக்கில் பின் டிஸ்கைப் பாருங்கள், உள்பக்கம்தான் முதலில் போகும். ராம்பில் ஏற்றச் சொல்லி அடியில் போகும் ஆரஞ்சு நிறக் கேபிள்களின் உறை, கனெக்டர்களின் கிளிப், பேட்டரித் தட்டின் போல்ட்டுகள் எல்லாவற்றையும் டார்ச்சில் பாருங்கள். பெங்களூர் வண்டி இதில் சுத்தமாகத்தான் இருக்கும், ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் ஓடியதென்றால் கூர்ந்து பார்க்க வேண்டும். அரிச்சல்முனை ரோட்டில் அலைத்தூறலும் மணலும் சேர்ந்து அடிக்கும், போய் வந்தால் அன்றே கழுவுவது நல்லது. எதில் கழுவுகிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். எங்கள் ஊரில் வாட்டர் வாஷ் என்பது பெரும்பாலும் உவர்த் தண்ணீர் போர்வெல். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர்! நல்ல தண்ணீர் இரண்டு குடம் போதும், அடியில் பம்பை வைத்து அடித்து ஊற்றினாலே போகும். கனெக்டர்களிலும் சார்ஜ் மூடியிலும் பிரஷர் கன்னை நேராகக் காட்டக் கூடாது. அடியில் ஆன்டி-ரஸ்ட் அடிக்கக் கொடுப்பவர்கள் ஒன்றைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்: பேட்டரிப் பெட்டியில் காற்று மூச்சுவிடச் சின்ன வால்வு இருக்கும், அதன் மேலும் ஆரஞ்சு கனெக்டர் மேலும் படக் கூடாது.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் சென்னையிலும், 2024 நவம்பர் 20இல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டரைத் தாண்டிக் கொட்டியபோதும் எத்தனை வண்டி நனைந்தன என்பது நமக்குத் தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், வண்டல் கோடு அங்கே நிற்கும். இன்சூரன்ஸ் க்ளெய்ம் வரலாற்றை வாங்கிப் பாருங்கள்.

சின்னதாக இரண்டு. 12 வோல்ட் பேட்டரி இறந்தால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி கண் திறக்காது. வாங்கும்போதே வயதைப் பாருங்கள், நாலு வருடம் ஆனால் மாற்றிவிடுங்கள். கரண்டிலேயே ஓட்டுபவர்கள் பெட்ரோலை மாதக்கணக்கில் டாங்கியில் ஊற வைக்காதீர்கள். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, ஈரத்தை இழுக்கும். 2023க்கு முந்தைய வண்டிக்கு அந்தக் கலவை ஏற்றதா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி டாங்கி போட்டு இரண்டு மாதத்துக்குள் காலி செய்துவிட வேண்டும். மதுரை போகும்போது வழியில் சார்ஜைப் பிடித்து வைக்கும் மோடில் போட்டு, ஊருக்குள் நெரிசலில் கரண்டில் ஓட்டினால் பெட்ரோல், கரண்ட் இரண்டும் கட்டுப்படும்.

காகிதத்தில் நான் ஏமாந்தது வரியில். முழு எலெக்ட்ரிக் வண்டிக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கு என்பதைக் கேட்டு இதற்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிளக்-இன் ஹைபிரிட்டுக்கு அது கிடையாது, பச்சை நம்பர் பிளேட்டும் கிடையாது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது வண்டிக்கு இங்கே ஆயுள் வரி 20 சதவீதம். வெளிமாநிலப் பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறைத்துப் போடுவார்கள், ஆனால் அடிப்படை அந்த வண்டி புதிதாக விற்ற விலை, நீங்கள் கொடுத்த விலை அல்ல. எண்பது லட்சத்து வண்டியைப் பாதிக்கும் கீழே வாங்கியவனுக்கு அந்தத் தொகை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், எழுத மனசில்லை. அட்வான்ஸ் கொடுக்குமுன் ஆர்சி புக் நகலோடு ராமநாதபுரம் ஆர்டிஓ ஆபீஸில் வரி எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். படிவம் 28இல் என்ஓசி (பழைய ஆர்டிஓ தரும் தடையின்மைச் சான்று), வண்டி மேல் கடன் இருந்தால் அது தீர்ந்ததற்குப் படிவம் 35, பெயர் மாற்றத்துக்கு 29, 30. எல்லாம் கையில் வந்தபின் மீதிப் பணம். பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம், அதற்கு இங்கே வரி கட்டிய ரசீது வேண்டும். ஆர்சியில் எரிபொருள் என்ன என்று பதிந்திருக்கிறது என்பதையும் பாருங்கள், சும்மா "பெட்ரோல்" என்றிருந்தால் இன்சூரன்ஸில் பேட்டரிக்கு க்ளெய்ம் வரும்போது வாதாட வேண்டியிருக்கும். பேட்டரி வாரண்டி பெரும்பாலும் எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், கொள்ளளவு ஏறக்குறைய 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் மாற்றுவார்கள். இரண்டாவது ஓனருக்கும் அது தொடருமா, வருடாந்திர சர்வீஸ் விட்டுப்போயிருந்தால் செல்லுமா என்பதைச் சேசிஸ் நம்பர் கொடுத்து கம்பெனியிடம் ஈமெயிலில் எழுத்தாக வாங்குங்கள். போனில் சொன்னது எதற்கும் உதவாது.

கடைசியாக ஓட்டச் செலவு. எங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு மாதத்துக்கு 600 யூனிட். 500ஐத் தாண்டியதும் கீழ்ப்படிகளின் சலுகை விகிதமும் போய்விடும், கார் சேர்க்கும் 400 யூனிட் முழுக்க மேல்படியில், யூனிட் 10 ரூபாயை ஒட்டி விழுகிறது. 8.3 யூனிட்டுக்கு 25 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 3.30. பெட்ரோலில் இதே வண்டி லிட்டருக்குப் பத்து, ஆக 10 ரூபாய்க்குச் சற்று மேல். கிலோமீட்டருக்கு 6.80 மிச்சம், தினம் 25 கிலோமீட்டர், மாதம் 25 நாள், 4,250 ரூபாய். மாடியில் 3 கிலோவாட் சோலார் இருந்து, பகலில் வண்டி வீட்டில் நிற்கும் குடும்பம் என்றால் கதையே வேறு. ராமநாதபுரம் வெயிலுக்கு அது நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் பக்கம் கொடுக்கும், அவர்களுக்கு இந்த வண்டி பொருந்தும். சோலாரும் இல்லை, தனி போர்டிகோவும் இல்லை, மாதம் நாலு தடவை மதுரை என்றால், பிளக் இல்லாத ஸ்ட்ராங் ஹைபிரிட்டே போதும் என்பது என் கருத்து. எனக்கு அந்த 4,27,000 திரும்ப வர, மாதம் 4,250 வீதம், நூறு மாதம் ஆகும். எட்டு வருட பேட்டரி வாரண்டி 2027இல் முடிகிறது.